ரெண்டு லைட்டு வரைக்கும்

இந்த வருடம் மருத்துவப் பரிசோதனைக்கு நான் போகவில்லை. எழுபத்து மூன்று வயதில் என் காதும் இதயமும் தாளில் எப்படிப் பதிவாகும் என்பது எனக்கே தெரியும். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் விமானி உரிமம் வெறும் அட்டை. என் சின்ன விமானம் ஹேங்கரின் ஒரு மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. நான் ராயபுரம் வீட்டில் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் ஏறுகிறேன். பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் விடிந்ததும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

பறந்த கதையை எழுதி வையுங்கள் என்று மகள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். பலமுறை உட்கார்ந்தேன். முதல் முறை தனியாகப் பறந்தது, முதல் சொந்த விமானம் என்று எழுதிக்கொண்டே போனால் ஒரு பிற்பகலுக்கு முன்னால் பேனா நின்றுவிடுகிறது. பதினோரு வருடங்களுக்கு முன் அந்தப் பிற்பகலில், திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து என் நண்பன் போனில் ஒரு கேள்வி கேட்டான். நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அது பொய். அதை நம்பிப் படகுகள் வேறு பக்கம் போயின. அவனுடைய தம்பி கடலில் இறந்துபோனான். இதை அவனிடமும், தம்பியின் மனைவியிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டேன்.

விமானத்தின் மேல் எனக்கு இருந்தது என்ன என்பதை முதலில் சொன்னால்தான் அந்தப் பொய் விளங்கும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தேர்தல் நேரத்தில் ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து வந்து நோட்டீஸ் கொட்டிவிட்டுப் போகும். என்னுடன் படித்த இந்த நண்பன் மீனவர் வீட்டுப் பையன். நோட்டீஸ் பொறுக்க நாங்கள் இருவரும் ஓடினோம். அவன் கை நிறையக் காகிதம் பிடித்தான். நான் விமானத்தையே பார்த்துக்கொண்டு ஓடி முழங்கால் ஆழச் சாக்கடையில் விழுந்தேன். அறுபது வருடங்களாக இதை அவன் சொல்லாத கல்யாணமோ காதுகுத்தோ கிடையாது. சொல்லும்போதெல்லாம் நான் சிரிப்பேன். ஆனால் சாக்கடையில் நின்றபடி அண்ணாந்து பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் என் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்பது முடிவாகிவிட்டது.

பொறியியல் படித்தேன். துறைமுகத்தில் கடலின் ஆழம் அளக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வயதில், சனி ஞாயிறுகளில் மீனம்பாக்கம் போய்ப் பறக்கக் கற்றேன். என் மகள் பிறந்த காலையில் நான் காற்றில் இருந்தேன். மனைவிக்கு வலி எடுத்தது தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தெரியும். முதல் குழந்தைக்கு நேரமாகும், ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

பிறகு ஒரு பல் மருத்துவரும் ஒரு சினிமாக் கொட்டகைக்காரரும் நானுமாகச் சேர்ந்து இறக்கையும் உடலும் துணியால் இழுத்துக் கட்டிய பழைய ரக விமானம் ஒன்றை வாங்கினோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எனக்கு. மற்ற ஞாயிறுகளில் அதை அவர்கள் தொடுவதை நினைத்து எனக்கு மாதா கோயில் பூசையில் மனம் நிற்காது. மனைவி பக்கத்தில் நின்று முழங்கையால் இடிப்பாள். அந்த விமானம் ஒருநாள் பறக்கத் தகுதியில்லாததாகிப்போனது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை வாடகை விமானங்கள்தான். அறுபத்தொரு வயதில், மனைவிக்கு அவள் அப்பா விட்டுப்போன தண்டையார்பேட்டை வீட்டை விற்று, இரண்டு பேர் உட்காரக்கூடிய, இறக்கை தலைக்கு மேலிருக்கும் விமானம் ஒன்றை வாங்கினோம். வாங்கினோம் என்று எழுதுகிறேன். வாங்கியவன் நான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அது வந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் மீனம்பாக்கம் போனேன். பறக்க அனுமதி கிடைக்காத நாட்களிலும் போனேன். கிளம்பும் முன் ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒரு சிறு கண்ணாடிக் குழாயைப் பிடித்துக் கொஞ்சம் பெட்ரோல் வடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் முத்துப்போல் அடியில் உருளும். பறக்காத நாளிலும் அதைச் செய்வேன். வீட்டில் மனைவிக்குக் காய்ச்சலா என்று அவள் நெற்றியை அத்தனை முறை தொட்டுப் பார்த்ததில்லை.

மேலிருந்து எங்கள் வடசென்னை எப்படியிருக்கும் என்று கேட்பார்கள். பேசின் பிரிட்ஜில் தண்டவாளங்கள் சிக்கெடுத்த தலைமுடிபோல் விரிந்து கிடக்கும். சாத்தாங்காட்டில் இரும்பு அடுக்கிய முற்றங்கள் துருவின் நிறத்தில் தெரியும்; திடீரென்று ஒரு தகடு வெயிலைக் கண்ணுக்குள் அடிக்கும். மூலக்கொத்தளத்தில் மட்டும் ஒரு பச்சைத் திட்டு. கீழே இருக்கும்போது அதைத் தாண்டிப் போனால் மூக்கைப் பொத்துவோம். மேலிருந்து பார்த்தால் ஊரில் மரமுள்ள இடம் அந்த இடுகாடுதான். வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் கடலின் நீலத்துக்குள் நாக்கு நீட்டியிருக்கும். ஆயிரத்து ஐந்நூறு அடியில் மனத்தின் அரிப்பு நின்றுவிடும். இறங்கி ராயபுரம் வந்து சேர்வதற்குள் மறுபடியும் தொடங்கிவிடும்.

நண்பன் என் விமானத்தைக் கொசு என்பான். "இன்னா மாமே, உன் கொசு எப்டி கீது? ரத்தம் குடிச்சுதா?" என்று கேட்பான். குப்பத்தில் எல்லோரும் அப்படியே கேட்பார்கள். இந்தக் கொசுவால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பது அதற்குள் இருந்த கேள்வி. எனக்கு அது உறுத்தும். அதனால் டீக்கடையில் உட்கார்ந்து நிறைய அளந்திருக்கிறேன். கடலில் யாராவது மாட்டிக்கொண்டால் உங்கள் படகு ஒருநாள் தேடும் இடத்தை நான் அரை மணியில் பார்த்துவிட்டு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னபோது அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். ஒற்றை எஞ்சின் விமானம் கடலுக்குள் போவதற்கு ஒரு வரம்பு உண்டு. எஞ்சின் நின்றுபோனால் சறுக்கிக்கொண்டே கரைக்கு வந்துவிடக்கூடிய தூரம்தான் அது. அதைத் தாண்டக் கூடாது.

இங்கே எங்கள் மீனவர்களின் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டில் மூன்று உயரங்களில் சிவப்பு விளக்குகள் எரியும். மாலையில் போய் இரவெல்லாம் வலை போடுகிறவர்களுக்கு அதுதான் அளவுகோல். கரையிலிருந்து விலக விலக, பூமியின் வளைவில் கீழ் விளக்கு முதலில் முழுகும். அது முழுகிய இடத்துக்கு 'ரெண்டு லைட்டு' என்று பெயர். நடு விளக்கும் முழுகினால் 'ஒத்த லைட்டு'. கையில் திசைகாட்டும் கருவிகள் வந்த பிறகும் பேச்சில் இதுதான். நேற்று எங்கே பாடு, எங்கே மீன் பட்டது என்றால் ரெண்டு லைட்டுல என்பார்கள்; எல்லோருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் இந்த அளவு படகில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டுமே செல்லும். மேலே பறப்பவனுக்கு எந்த விளக்கும் முழுகாது. எவ்வளவு தூரம் போனாலும் புகைக்கூண்டு அடிமுதல் நுனிவரை தெரியும். துறைமுகத்தில் முப்பது வருடம் இதே கணக்கைக் காகிதத்தில் போட்டவன் நான். ரெண்டு லைட்டு என்றால் கரையிலிருந்து ஏறக்குறைய இருபத்திரண்டு கடல் மைல். தெரியாமல் தவறினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

நண்பனின் தம்பியும் கூட ஒரு ஆளும் ஒரு மாலை பைபர் படகில் போனார்கள். மறுநாள் காலை வரவில்லை. மதியமும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் நண்பன் எனக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "கொசுவ எட்றா" என்றான். அப்போதும் அதைக் கொசு என்றுதான் சொன்னான். ஆனால் குரல் வேறாக இருந்தது.

அரசுக் கப்பல் ஒன்று தெற்கே தேடிக்கொண்டிருந்தது. நீரோட்டம் வடக்கே இழுப்பதால் பழவேற்காட்டுப் பக்கம் போகலாம் என்றார்கள் குப்பத்தார். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. வலை தண்ணீரில் இருந்தால் அதுவே நங்கூரம் மாதிரி படகைப் பிடித்து வைத்திருக்கும், ரெண்டு லைட்டை விட்டு அதிகம் நகர்ந்திருக்காது என்றான். நான் முதலில் அங்கே பார்த்துவிட்டுச் சொன்னால் டீசல் நிரப்பி நிற்கும் ஆறு படகுகளையும் எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யலாம் என்பது ஏற்பாடு.

அனுமதி வாங்கிக் கிளம்பப் பிற்பகல் ஆகிவிட்டது. கரையோரமாக எண்ணூர்வரை என்றுதான் எனக்கு அனுமதி. கழிமுகத்துக்கு மேல் உயரம் ஏறிக் கிழக்கே திரும்பினேன். பத்து மைல்வரை ஒன்றுமில்லை. பிறகு எஞ்சினின் சத்தம் மாறியது.

விமானிகளுக்குள் இது ஒரு பழைய வேடிக்கை. நிலத்தின் மேல் பூனைபோல் ஓடும் எஞ்சின், சறுக்கிக் கரை சேர முடியாத தூரத்துக்குப் போனதும் கரகரக்கத் தொடங்கும். மாறுவது எஞ்சின் இல்லை, கேட்கிறவனின் காது. எனக்கு அது தெரியும். அளவுமானிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் அந்தக் கரகரப்பு என் தொடையெலும்பில் கேட்டது. கீழே தண்ணீரைப் பார்த்தேன். படகைத் தேடிப் பார்க்கவில்லை. இந்த விமானம் அதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். மூக்கு முதலில் போகும். சக்கரங்கள் தண்ணீரில் சிக்கிக் குப்புறக் கவிழும். முப்பது வருடம் காத்திருந்து வாங்கியது, கையில் கிடைத்து எட்டு மாதம்.

உயிர்ப் பயம் என்று சொன்னால் கேட்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். அதனால்தான் அதைச் சொல்லக் கூடாது. எனக்கு விமானம் போய்விடுமே என்றுதான் பயம்.

பன்னிரண்டாவது மைலில் திரும்பினேன். இன்னும் பத்து மைல் இருந்தது. என் வேகத்தில் அது ஏழு நிமிடம். திரும்பிக் கரை நெருங்கியதும் எஞ்சின் பழையபடி பூனையானது.

இறங்கி, விமானத்தைக் கட்டிவிட்டு, போனை எடுத்தேன். வரம்பு இவ்வளவுதான், பன்னிரண்டு மைல் போய்த் திரும்பிவிட்டேன் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். நண்பன் போனை ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. "இன்ஜினியரு பேசறாரு, கம்முனு இருங்கடா" என்று யாரோ அதட்டினார்கள். கொசு என்று சிரித்த அத்தனை பேரும் ஒரே நொடியில் அடங்கினார்கள். கடல் அலை மட்டும் கேட்டது.

"ரெண்டு லைட்டு வரிக்கும் போனியா?" என்று கேட்டான்.

"போனேன்."

"இன்னா பாத்த?"

"ஒன்றும் இல்லை."

இரண்டாவது பதில் உண்மை. நான் பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை.

மீனம்பாக்கத்திலிருந்து காரில் குப்பத்துக்குப் புறப்பட்டேன். பேசின் பிரிட்ஜ் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகராமல் நின்றபோது போனைக் கையில் எடுத்தேன். இப்போது சொன்னாலும் படகுகளைத் திருப்பலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். போனைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். குப்பம் போய்ச் சேர்ந்தபோது ஆறு படகுகளும் வடக்கே போயிருந்தன.

மூன்றாம் நாள் காலை காசிமேட்டு விசைப்படகு ஒன்று அவர்களைப் பார்த்தது. ரெண்டு லைட்டுக்குக் கொஞ்சம் வடகிழக்கே, வலையோடு, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருந்தது படகு. எஞ்சினைச் சரிசெய்யும்போது தம்பியின் கை உள்ளே மாட்டி மணிக்கட்டுவரை நசுங்கியிருந்தது. ரத்தம் நிற்கவில்லை. அன்று விடிவதற்குச் சற்று முன்புவரை உயிர் இருந்ததாம். கூடப்போன ஆள் பிழைத்தான்.

முந்தின நாள் பிற்பகல் நான் போயிருந்தால் பார்த்திருப்பேனா? சொல்ல முடியாது. கடலில் ஒரு பைபர் படகு மேலிருந்து அரிசி அளவுதான். ஆனால் நான் திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஆறு படகுகளும் நேரே அங்கே போயிருக்கும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பதினாறாம் நாள் காரியத்தின்போது, யாரிடமும் சொல்லாமல், இரண்டு முழம் மல்லிகையும் கொஞ்சம் சாமந்தியும் வாங்கிக்கொண்டு பறந்தேன். பன்னிரண்டு மைல் தாண்டினேன், பதினைந்து தாண்டினேன், இருபத்திரண்டும் போனேன். ஜன்னலைத் திறந்து பூவைப் போட்டேன். பாதி திரும்பி உள்ளேயே வந்து காலடியில் விழுந்தது. போகவர எஞ்சின் ஒரு சொல் சொல்லவில்லை.

அதற்கு முன்பே, அடக்கம் நடந்த அன்று, தம்பியின் மனைவி என்னைத் தேடி வந்திருந்தாள். குனிந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடப்போன ஆளைக் கேட்டாளாம்: ஏரோபிளேன் வந்ததே, அது பார்த்துச்சா என்று. புருஷனை அவள் அது என்றுதான் சொல்வாள். பார்த்தார் அக்கா, கையை ஆட்டினார் என்று அவன் சொல்லியிருக்கிறான். நம்மைத் தேடி ஆள் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடியிருக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வாரம் ஒருமுறை என் வீட்டுக்கு மீன் வரும். சங்கரா, வஞ்சிரம், சில நாள் இறால். காசு கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். மனைவி குழம்பு வைப்பாள். நான் சாப்பிட்டேன். பதினோரு வருடம் சாப்பிட்டேன். கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தேன். சில செபங்கள் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து வெளியே வந்தபோது மனம் லேசானதுபோல் இருந்தது. மறுநாள் மீன் வந்தது.

சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்திருந்தது. அவளுக்கு இருப்பது அந்த ஒரே ஆறுதல், அதைப் பிடுங்குவானேன் என்று. யோசித்துப் பார்த்தால் அந்தக் காரணம் அவளுக்கு எவ்வளவு உதவியதோ தெரியாது. எனக்கு நன்றாக உதவியது.

இந்த வருட நினைவு நாளுக்குக் குப்பத்து முனையில் பேனர் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவுக்கும் வருட நினைவுக்கும் பேனர் இல்லாமல் முடியாது. தம்பியின் படம், இரண்டு பக்கமும் புறா, கீழே கடல், அதில் படகு. மேல் மூலையில், மேகத்துக்குள்ளிருந்து வருவதுபோல், ஒரு விமானம். அச்சடிக்கும் கடைக்காரன் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறான். வெளிநாடு போகும் பெரிய விமானம். நான்கு எஞ்சின்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

நண்பன் டீக்கடைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். அவனுக்கும் என் வயதுதான். கடலுக்குப் போவதை எப்போதோ விட்டிருந்தான். முட்டி வலி என்பான்.

"பாத்தியா, நாலு இன்ஜின் குட்து கீறானுங்க. பிரமோசன்டா உனுக்கு" என்றான்.

பக்கத்தில் யாருமில்லை. நின்றபடியே சொன்னேன். பன்னிரண்டு மைலில் திரும்பியதை, எஞ்சின் சத்தத்தை, எட்டு மாத விமானத்தை, பாலத்தில் போனைக் கீழே வைத்ததை. எதையும் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவன் டீக்கிளாஸைத் தரையில் வைத்தான்.

"இன்னும் எவ்ளோ போயிருக்கணும்?"

"பத்து மைல். ஏழு நிமிடம்."

"ஏழு நிமிசம்" என்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"நான் சொன்னேன்ல, வலை கடல்ல கீது, நவுந்திருக்காதுன்னு. நீ போனேன்னு சொன்னதும் என் வாய நானே மூடிகினேன். படிச்சவன் மேல நின்னு பாத்துட்டான், அப்பறம் நம்ம கணக்கு இன்னா கணக்குன்னு. அவன் அதே எடத்துல கெடிச்சப்பகூட உன்ன சந்தேகப்படலடா. படகு வேற எங்கியோ போய்ட்டுத் திரும்பி வந்துகீதுன்னு நெனச்சேன். எனுக்குத் தண்ணியே புரியலன்னு நெனச்சேன். அத்தோட நான் கடலுக்குப் போறத வுட்டேன். முட்டி வலின்னு சொல்லிகினு சுத்தறேன்."

இது எனக்குத் தெரியாது. பதினோரு வருடங்களாக என் பொய் ஒரு சாவோடு முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். அது இந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருந்திருக்கிறது. நாற்பது வருடம் தண்ணீரைப் படித்தவன், என் ஒரு வார்த்தையால், தான் படித்தது எல்லாம் தப்பு என்று நம்பியிருக்கிறான்.

"உன் கணக்கு சரிதான்" என்றேன்.

"அது இப்போ எனுக்கு எதுக்கு?" என்றான். "தம்பி பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு. நான் வர மாட்டேன்" என்றான். எழுந்து, நாற்காலியைக் கடைக்குள் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனான்.

அவள் மார்க்கெட் வாசலில் மீன் விற்கிறாள். மறுநாள் காலை போனேன். என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. மீனுக்கு வந்ததாக நினைத்து, "வூட்டுக்கு நானே அனுப்பறேனேண்ணா, நீ ஏன் வந்த?" என்றாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். அவளிடம் மைல் கணக்கெல்லாம் சொல்லவில்லை. நான் ரெண்டு லைட்டு வரை போகவில்லை, பாதியில் திரும்பிவிட்டேன், போனேன் என்று சொன்னது பொய் என்றேன்.

அவள் கையில் கத்தி இருந்தது. பலகையில் ஒரு மீன் பாதி செதில் எடுத்த நிலையில் கிடந்தது. மீதிப் பாதியின் செதிலையும் எடுத்து முடித்தாள். அவசரப்படவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்போ அது உன் பிளேன பாக்கல."

"பார்க்கவில்லை, அம்மா. பார்த்திருக்க முடியாது."

"கைய ஆட்டுச்சுன்னு அவன் சொன்னானே."

அந்த ஆளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மனம் ஆறட்டும் என்றுதான் அவன் சொல்லியிருப்பான் என்றேன். அவள் தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தாள்.

"அவன் ஏன் சொன்னான்னு எனுக்குத் தெரியுது. நீ ஏன்ணா சொன்ன?"

இந்தக் கேள்விக்குப் பதினோரு வருடங்களாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். வரம்பு, அனுமதி, எஞ்சின் என்று பல. அவற்றை விட்டுவிட்டேன். விமானம் கடலில் விழுந்துவிடுமோ என்று பயந்து திரும்பினேன், திரும்பியதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்றேன். நீ செத்துப்போய்விடுவாய் என்று பயமா என்று கேட்டாள். இல்லை, விமானம் போய்விடும் என்று என்றேன். அங்கே நின்று அவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல முடியவில்லை.

பக்கத்துக் கடைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பலகையை ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

"அந்த பிளேன் இப்போ எங்க கீது?"

"ஹேங்கரில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது ஓட்டுவதில்லை."

"பத்திரமா கீதா?"

"இருக்கிறது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என் தோளுக்குப் பின்னால் கூடையோடு வந்து நின்ற ஒருவரிடம், என்ன மீன் வேண்டும் என்று கேட்டாள். நான் வழிவிட்டு நகர்ந்தேன்.